குண்டனி நாடும் குண்டணிச் சொல்லும்

சென்ற ஆடித் திங்களில் அன்பர் சிலருடன் கொல்லிமலை ஏறி, அறப்பளீசுரப் பெருமானை வழிபட்டு மீளும் பேறு எமக்கு வாய்த்தது. காரவள்ளியினின்றும் எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து வண்டி மேலேறுங்கால், எங்கட்குத் துணையாக வந்த மலைநாட்டு இளைஞர் ஒருவரை நோக்கி, உடன்வந்தாருள் முதியவர் ஒருவர், "தம்பி, உனக்கு எந்த நாடு?" என்று வினவினார். "குண்டனி நாடுங்க" என்றார் இளைஞர். உடனே பெரியவர், "கோள்சொல்லிகள் எல்லாரும் கூடி ஒரு நாடே அமைத்துக்கொண்டீர்களா?" என்று நகையாடினார். வண்டியிலிருந்தார் அனைவரும் நகைத்தனர்; யாமும் நகைத்தோம் என்பதை மறைத்தல் தகாது. இளைஞர் தலைகுனிந்து, "கீழே பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலும் இப்படித்தாங்க சொன்னாங்க" என்று மட்டும் கூறிப் பிறகு வாய்திறந்திலர்.

அந்நகை எம் நெஞ்சை உறுத்தியது. கோள் கூறலைத் தீவினையென்று மேடைதோறும் பேசும் யாம், ஓர் ஊர்ப்பெயரின் ஒலியை மட்டும் பற்றிக்கொண்டு அவ்வூரார் அனைவர்மீதும் ஒரு பழியை ஏற்றினோம். அதனையும் சிவத்தலம் நோக்கிச் செல்லும் வழியிற் செய்தோம். அப்பழிக்குச் சொல்வழக்கில் ஏதேனும் அடிப்படையுண்டா என்று ஆராயப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

கொல்லிமலை பதினான்கு நாடுகளை உடையது. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, தேவானூர் நாடு, குண்டூர் நாடு, குண்டனி நாடு என்றாற் போல அவை பெயர் பெறும். சோழர் காலத்துக் கல்வெட்டுக்களிற் பயிலும் நாடு என்னும் பிரிவுப் பெயர் சமவெளியில் வழக்கொழிந்த பின்னும், இம்மலையில் ஊராட்சிகளின் பெயராகவே இன்றும் நின்று நிலவுகின்றது. முன்னர்ச் சேலம் மாவட்டத்தைச் சார்ந்திருந்த இப்பகுதி, 1997-இல் நாமக்கல் மாவட்டம் அமைந்தபொழுது அதனுட் சேர்ந்தது. அறப்பளீசுரர் திருக்கோயில் வளப்பூர் நாட்டில் உள்ளது. திருநாவுக்கரசு சுவாமிகள் தம் க்ஷேத்திரக்கோவைத் திருத்தாண்டகத்தில் இத்தலத்தைக் கொல்லியோடு சேர்த்து நினைந்தருளினமையால், இது வைப்புத் தலங்களுள் ஒன்றாக எண்ணப்படும். அம்பலவாணக் கவிராயர் உலக ஒழுக்கங்களைத் தொகுத்து இப்பெருமான் திருமுன் விண்ணப்பிக்கும் முறையிற் சதகம் பாடியதும் அன்பர் அறிந்ததே.

இனிச் சொற்களை நோக்குவாம். ஒருவர் பெயரைக் கெடுத்தலைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்கள் பலவாயினும், அவற்றுட் பெரும்பாலன பிறப்பிற் குற்றமற்றவை.

கோள் என்பதை முதற்கண் கொள்வாம். இது கொள் என்னும் வினையின் முதல் நீண்டு பெயராயது. கொள்ளுதல் எதுவாயினும் கோளாகும். உள்ளங் கொண்ட முடிபு கோட்பாடு. பற்றி நின்று பயன் விளைப்பனவாகக் கருதப்பட்ட ஞாயிறு முதலியன கோள்கள். ஒருவன் வாய்ச்சொல்லைக் கொண்டுபோய் மற்றொருவன் செவியிற் சேர்த்தலும் கோளாயிற்று. கொண்டுசெல்வதில் இயல்பாகக் குற்றமொன்றுமில்லை. தூதனும் கொண்டுதான் செல்கின்றான். கொண்டுசெல்வான் கருத்துத் தீயதாயவழியே சொல்லும் தீயதாயிற்று.

இச்சொல் சைவ வரலாற்றில் ஆழப் பதிந்தது. தருமசேனர் என்னும் பெயரோடு சமண் சமயத்துத் தலைமை பூண்டிருந்த மருணீக்கியார், திருவதிகை வீரட்டானத்திற் சூலைநோய் நீங்கி நாவுக்கரசராகிய செய்தி பரவியவுடன், பாடலிபுத்திரத்துச் சமண முனிவர் பல்லவ மன்னன்பாற் சென்று, அவர் நோயுற்றார் போல நடித்து நெறி கடந்தார் என்று முறையிட்டனர் எனச் சேக்கிழார் பெருமான் கூறுவர். சூலை மெய், நடிப்பென்றது கோள். நீற்றறையும் நஞ்சும் மதயானையும் கல்லொடு கட்டிக் கடலில் இட்டமையும் அந்த ஒரு சொல்லிற் பிறந்தவை. அப்பல்லவனே பின்னர்த் திருந்தி அதிகையிற் குணபரவீச்சரம் எடுத்தனன். அவன் முதலாம் மகேந்திரவர்மன் என்பது வரலாற்றறிஞர் பலர் கொள்கை.

அதிகையில் அப்பர் பெருமான் அருளிய அம்முதற் பதிகத்தின் பண் கொல்லி என்பதை இவ்விடத்து நினைவுறுத்த விரும்புகின்றேம். கொல்லி என்றால் கொல்லும் மலை என்று பொருள்கூறி அஞ்சுவார் பலர். மலைப்பெயரோடு ஒலியில் ஒன்றாகிய அப்பண்ணிலோ, நோய் தீர்ந்து உயிர் தளிர்த்த பாட்டுப் பிறந்தது. ஒலி கொண்டு பொருள் துணிவார்க்கு இஃது ஒரு தடை. பின்னொரு நாள் திருமறைக்காட்டில், பாண்டிமாதேவியார் அழைப்பை ஏற்று மதுரைக்கு எழுந்த சம்பந்தப் பிள்ளையாரை நோக்கி, நாளும் கோளும் நல்லவல்ல என்று தடுத்தவரும் அப்பரே. கோளறு பதிகம் எழுந்தது அதன் விடையாக. அங்கே கோள் என்றது வானத்துக் கோள். எனினும் மண்ணுலகத்துக் கோளால் வருந்தித் தேர்ந்தவர் நாவில் அச்சொல் வந்தது என்று எண்ணுந்தோறும் எம் உள்ளம் கசியும்.

தூற்றுதல் என்பது உழவர் களத்துச் சொல். சாமையும் கேழ்வரகும் விளையும் கொல்லிமலைக் களங்களில், அடித்த கதிரை முறத்தில் ஏந்திக் காற்றெதிரே தூவுவதைக் காணலாம். மணி காலடியில் வீழும். பதர் சேய்மைக்குப் பறக்கும். மழை நுண்டுளியாய்ச் சிதறுவது தூறல். சிதறச் செய்வது தூற்றல். ஒருவர் குற்றத்தை நாற்றிசையினும் சிதறவிடுதல் பழிதூற்றலாயிற்று. களத்தில் தூற்றுவோன் மணியைக் கொண்டு பதரைப் போக்குகின்றான். ஊரில் தூற்றுவோன் செய்வது இதன் மறுதலை. தூறு என்னும் பெயரே பழிச்சொல் என்னும் பொருட்டாக நூல்களில் வரும். அதனோடு இழிவு குறிக்கும் அவ என்னும் முன்னொட்டுச் சேர்ந்து அவதூறு ஆயிற்று என்பது எம் கருத்து. இக்காலத்துச் செய்தித்தாள்களிலும் வழக்குமன்றங்களிலும் மிகுதியும் பயில்வது இச்சொல்லே.

இவற்றினும் அழகியது அலர் என்னுஞ் சொல். அம்பல் என்பதும் அலர் என்பதும் அகப்பொருள் நூலாரால் இணைத்துச் சொல்லப்படுவன. களவொழுக்கம் பற்றி ஊரார் வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல். அது வெளிப்படப் பேசப்பெறுவது அலர். முன்னது மொட்டு, பின்னது மலர் என்று உணர்த்துவர் இறையனார் களவியல் உரைகாரர். பழிச்சொல்லைக் குறிக்கப் பூவின் பெயரை இட்ட மொழி நம் மொழி. இது வியப்பினும் வியப்பு.

கொல்லிமலைக்கும் அலருக்கும் உள்ள தொடர்பு ஈராயிரம் ஆண்டுப் பழமையது. அகநானூற்று 209-ஆம் பாட்டிற் கல்லாடனார், தலைவிமேல் எழுந்த அலர், பாண்டியன் நெடுஞ்செழியன் ஆலங்கானத்தில் எழுவரை வென்ற ஞான்று எழுந்த ஆரவாரத்தினும் பெரிது என்று தோழி வாயிலாகக் கூறுவர். அப்பாட்டின் இறுதியிலேயே, முள்ளூர் மன்னன் காரி, வல்வில் ஓரியைக் கொன்று சேரர்க்குக் கொடுத்த பலாவளம் மிக்க கொல்லியும், அங்குத் தெய்வம் ஆக்கிய பாவையும் வருகின்றன. அலர்க்கு உவமை போர்க்களம். தலைவியின் அழகுக்கு உவமை கொல்லிப் பாவை. காற்று மோதினும் மழை அலைப்பினும் தன் வனப்புக் கெடாது நிற்பது அப்பாவை என்பது பிற பாட்டுக்களால் அறியப்படும். அலர் எத்துணைப் பெரிதாயினும் தலைவியின் இயல்பு கெடவில்லை என்பதை அவ்வுவமையுள் வைத்துக் காட்டினாரோ என்று எமக்குத் தோன்றுகின்றது. இஃது உரையாசிரியர் கூற்றன்று, எமது துணிபேயாம்.

நற்றிணை 320-ஆம் பாட்டில் இத்தொடர்பு இன்னும் நேரானது. பரத்தை ஒருத்தி தெருவில் ஒப்பனையோடு நடந்து செல்ல, அவளைக் கண்டு ஊர் முழுதும் ஆரவாரித்தது. அவ்வாரவாரத்திற்குக் கபிலர் காட்டும் உவமை, ஓரியைக் கொன்றபின் காரி அவ்வூர்ப் பெருந்தெருவிற் புகுந்தபொழுது எழுந்த ஒலியே. ஓரி கொல்லியின் தலைவன். வன்பரணர் புறநானூற்றிற் புகழ்ந்த வள்ளல். இன்றும் ஆடி பதினெட்டில் அவனுக்கு இம்மலையில் விழா எடுக்கின்றனர். அன்று அவன் தெருவில் எழுந்த ஓலம், பின்னர் ஊர்வாய்ப் பழிக்கு உவமையாய்ப் பாட்டில் நின்றது. ஆகவே கொல்லிமலையார் பழி தூற்றுவார் என்பதற்குச் சான்றோர் பாட்டில் இடமில்லை. ஊர்வாயின் ஓசையை அளப்பதற்கே கொல்லித் தலைவனது வீழ்ச்சி ஓர் அளவுகோலாயிற்று.

திருவள்ளுவர் ஊர்ப்பேச்சை ஈரிடத்து வைத்தனர். அறத்துப்பாலில் 19-ஆம் அதிகாரம் புறங்கூறாமை. காமத்துப்பாலில் 115-ஆம் அதிகாரம் அலரறிவுறுத்தல். முன்னதில் அது பெரும்பாவம். பின்னதில் அதுவே காதற் பயிர்க்கு எருவாகின்றது. புறம் என்பது முதுகுப் பக்கம். அங்கு நின்று கூறுவது புறங்கூறல். கூறும் செய்தி மெய்யா பொய்யா என்பதை இச்சொல் கருதவில்லை. எங்கே நின்று கூறினான் என்பதையே கருதுகின்றது. முகத்தெதிரே கண்ணோட்டமின்றிக் கடிந்து பேசினும் பேசுக, அவன் இல்லாவிடத்துப் பேசற்க என்பது வள்ளுவர் உள்ளம். குறளை என்பதும் இப்பொருளதே. வாயிற் பிறக்கும் தீமை நான்கனுள் ஒன்றாக மணிமேகலை அதனை எண்ணும்.

பழி என்னுஞ் சொல்லில் ஒரு விந்தையுண்டு. பழித்தல் இகழ்தல், பழிச்சுதல் என்பதோ பழைய நூல்களிற் போற்றுதல். ஓரெழுத்து ஏறியவுடன் இகழ்ச்சி புகழ்ச்சியாகின்றது. பழிச்சினர் என்று வருமிடத்துப் பழித்தனர் என்று பொருள் கொள்வான், ஆண்டவனை அடியார் வைதனர் என்று உரை எழுதி இடர்ப்படுவான். ஒலியொப்புமை உறவாகாது என்பதற்கு இதனின் மிக்க சான்று வேண்டா. மறுதலையாக, வசைச்சொல்லே போற்றியாதலும் உண்டு. வன்றொண்டர் வழக்காட வந்த முதியவரைப் பித்தன் என்றனர். அச்சொல்லையே முதலாகக் கொண்டு பாடுக என்று இறைவன் பணித்தனன்.

இனிக் குண்டணிக்கு வருவாம். குண்டணி, குண்டுணி என இருவடிவாக இஃது உலகவழக்கிலும் பிற்காலத்து நூல்வழக்கிலும் கோள் என்னும் பொருளில் வழங்கும். இதனைக் குண்டு, அணி எனப் பிரித்தால் பொருள் அமையாது. வடமொழியிற் குட்டனீ என்றொரு சொல் உண்டு; காமுகர்க்கு இடைநின்று சொற்கொண்டு செல்லும் முதுமகளைக் குறிப்பது. காசுமீரத்துச் சயாபீட மன்னனின் அமைச்சராகிய தாமோதரகுப்தர் எட்டாம் நூற்றாண்டின் இறுதியளவில் இயற்றிய குட்டனீமதம் என்னும் நூல், அத்தகையாள் ஒருத்தியின் அறிவுரையாகவே நடக்கின்றது. அச்சொல் கன்னடத்தில் மெல்லொற்றுப் பெற்றுக் குண்டணி என்று ஒலிக்கத் தகும் வடிவில் அப்பொருளிலேயே வழங்குகின்றது. கன்னட நாட்டுத் தொடர்பு கொங்கு நாட்டிற்குப் பழமையும் நெருக்கமும் உடையது. இருவரிடைச் சென்று சொல் மாற்றும் ஆளைக் குறித்த பெயர், தமிழில் அவ்வாள் செய்யும் தொழிலுக்கு ஆகிவந்தது என்றே யாம் கருதுகின்றேம். ஆள் மறைந்தாள், அவள் தொழில் மட்டும் சொல்லில் தங்கிற்று. இங்ஙனமாயின் குண்டணி என்பது வெளியிலிருந்து வந்து புகுந்த சொல், மலையினின்றும் இறங்கியதன்று.

குண்டனி நாட்டின் பெயருக்கு அத்துணைத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. குண்டு என்பது தமிழில் ஆழம், பள்ளம் என்னும் பொருளுடைய பழஞ்சொல். குண்டும் குழியும் என்று இன்றும் பேசுகின்றோம். அகழியின் ஆழத்தையும் மலைச்சுனையின் ஆழத்தையும் சுட்டச் சங்கச் செய்யுட்களில் இச்சொல்லே வருகின்றது. குண்டுசுனை என்பது மலை பாடிய புலவர்க்கு எளிதில் வாயில் வந்த தொடர். முகடும் பள்ளத்தாக்கும் சுனையும் அடுத்தடுத்து அமைந்த கொல்லியில், பள்ளம் பற்றி ஊர்ப்பெயர் எழுதல் இயல்பு. பக்கத்திலேயே குண்டூர் நாடும் உள்ளது. அதனைக் கண்டு எவரும் நகைப்பதில்லை, அங்கு ஈற்றில் ஊர் நிற்றலால். அதே முதனிலை குண்டனியில் வந்தவுடன் நகை பிறக்கின்றது. இரண்டிற்கும் அடி ஒன்றென்பது எம் முடிபு.

நாம் அம்மலையார்மேல் ஏற்றிய குழப்பம் இஃதொன்றே அன்று. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்னும் பொருளில் அவர்கள் மலையாளிகள் எனப்படுவர். அரசினர் பழங்குடிப் பட்டியலிலும் அப்பெயரே உள்ளது. காஞ்சிபுரத்தினின்றும் உடன்பிறந்தார் மூவர் வந்து மலைகளிற் குடியேறிய வழியினர் தாம் என்பது அவர்தம் மரபுரை. அவரைச் சேரநாட்டார் என்று மயங்கி, எம் உடன்வந்தாருள் ஒருவர் அவ்விளைஞரிடம் திருவனந்தபுரம் பற்றி வினவியதை எழுதவும் நாணுகின்றேம்.

ஒலியை வைத்துப் பழி படைத்தல் கற்றறிந்த சைவரிடத்தும் நிகழ்ந்துள்ளது என்பதைச் சைவ ஏட்டில் மறைக்கலாகாது. 1867-இல் தொழுவூர் வேலாயுத முதலியார் இராமலிங்க அடிகளின் பாடல்களைத் திருவருட்பா என்னும் பெயரால் வெளியிட்டனர். அருட்பா, திருமுறை என்னும் பெயர்கள் தேவார திருவாசகங்கட்கே உரியன என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரவர்கள் மறுத்தனர். கொள்கை மறுப்பாகத் தொடங்கியது ஆள்மேற் சென்றது. 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை ஏறியது. 1874-இல் அடிகளும் 1879-இல் நாவலரும் மறைந்த பின்னரும் பூசல் ஓயவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நா. கதிரைவேற்பிள்ளை ஒரு பக்கமும், பின்னர் மறைமலையடிகள் எனப் பெயர் பூண்ட வேதாசலம் பிள்ளை மறு பக்கமும் நின்று வாதிட்டனர். அப்பூசலில் மிகுதியும் முழங்கிய சொல் மருட்பா என்பது. மருட்பா என்பது யாப்பிலக்கணத்தில் வெண்பாவும் ஆசிரியப்பாவும் விரவிய ஒரு செய்யுள் வகை. ஒரு குற்றமும் அறியாத இலக்கணப் பெயர். அருட்பாவோடு எதுகை நயம் பெறுதல் ஒன்றே பற்றி, அதனை மயக்கப் பாட்டு என்னும் பொருளில் வசையாக்கினர். நாவலர் தமிழுக்கும் சைவத்திற்கும் செய்த தொண்டு மலையினும் பெரிது. அடிகளின் அருட்பாடல் உருக்காத நெஞ்சமில்லை. ஈரிடத்தும் அன்புடைய எம்மனோர்க்கு அவ்வேடுகளைப் புரட்டுவதே துன்பம். ஒரு பாவினத்தின் பெயர் நூற்றாண்டு கடந்தும் அவ்வடுவோடே நிற்கின்றது. இன்று மருட்பா என்றவுடன் யாப்பை நினைப்பார் எத்துணையர்?

நீதிமன்றம் புகுந்தபின் சொற்களின் போக்கும் மாறிற்று. 1860-இல் இயற்றப்பெற்று 1862 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் 499, 500-ஆம் பிரிவுகளில் இக்குற்றத்தை வகுத்தது; 2024 சூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு அவ்விடத்தில் நிற்கின்றது. இதனை மானநஷ்டம் என்று வழங்கினர். கோள், தூற்றல், புறங்கூறல், அலர் என்னும் நம் பழஞ்சொற்கள் யாவும் சொல்லுவோன் வாயையும் அவன் செயலையும் சுட்டுவன. மானநஷ்டமோ சொல்லப்பட்டோன் இழப்பைச் சுட்டுகின்றது. இழப்பென்றவுடன் அதற்கொரு தொகையும் கணக்கிடலாகின்றது. சட்டத்தில் மெய்யும் பொதுநன்மையும் கூடியவழி விலக்குண்டு. புறங்கூறாமை அதிகாரத்தில் மெய்யென்பதற்காக ஒரு விலக்கும் இல்லை. வண்டியில் யாம் நகைத்தது எந்தப் பிரிவிலும் அடங்காது. ஒருவர் பெயரும் சொல்லப்படவில்லை, ஒரு பொருளும் இழக்கப்படவில்லை. ஆயின் மனம் வாக்குக் காயம் மூன்றானும் வினை ஈட்டப்படும் என்று கொண்ட சித்தாந்திகட்கு அக்கணக்கு வேறு.

திருக்கோயிலில் வழிபாடு முடிந்து ஐயாற்றங்கரையில் அமர்ந்திருந்தபொழுது, அவ்விளைஞரை அழைத்து எம் பிழை பொறுக்குமாறு வேண்டினோம். "அதனாலென்னங்க" என்றார். அவர் ஊர்ப்பெயரை எழுதித் தருமாறு கேட்டேம். ஆங்கில எழுத்தில் எழுதப்பட்ட பட்டியல்களில் றன்னகரத்திற்கும் டண்ணகரத்திற்கும் வேறுபாடு இல்லையாதலின், அவற்றைப் பார்த்து மீளத் தமிழில் எழுதுவார் எதனையும் எழுதக்கூடும் என்பதே எம் ஐயம். தேங்காய் மூடியைக் கீழே வைத்துவிட்டு, எம் எழுதுகோலை வாங்கி, திருநீற்றுப் பொட்டலத்தின் தாளில் அவர் எழுதினார். அத்தாள் இதனை எழுதும்பொழுது எம்முன் உள்ளது. ஈற்றெழுத்திற்கு இரண்டு சுழியே இட்டிருக்கின்றார்.